காய்ந்த கரணை சீக்கிரம் சூடாகும்

ஜனவரி 7

டைமர் பொருத்தியாகிவிட்டது. மூன்று நாள் வேலை என்றார்கள். ஒன்றரை நாளில் முடித்தேன். எலெக்ட்ரீஷியன் டீ குடிக்கப் போய்த் திரும்புவதற்குள் பாதி ஒயரிங் ஆகியிருந்தது.

எதற்காக என்பதை எழுதி வைக்கிறேன். பிறகு எவனாவது கேட்பான். இந்தச் சர்க்கரை ஆலையின் விதைப் பண்ணையில் நான் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. விதைக்கரும்பை இரண்டு பரு உள்ள கரணைகளாக வெட்டி, ஈரமான சூட்டுக்காற்று ஓடும் இரும்பு அறையில் அடுக்குகிறோம். ஐம்பத்துநான்கு டிகிரி, நான்கு மணி நேரம். கரும்பைப் புல் மாதிரி கொத்துக் கொத்தாகக் கிளைக்க வைக்கும் நோய் ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும். அது சாக வேண்டும். பரு சாகக் கூடாது, ஏனென்றால் அதுதான் முளைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ரொம்பச் சின்னது. அந்த அறைக்கு இங்குள்ள பெண்கள் ஆவிப்பொட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இதுவரை என்ன செய்தார்கள் என்றால், கம்பி வெப்பமானியை ஒரு கரணைக்குள் குத்திவைத்து, கால்மணிக்கு ஒருமுறை கதவைத் திறந்து பார்ப்பது. உள்சூடு ஐம்பத்துநான்கைத் தொட்ட பிறகு நான்கு மணியை எண்ணுவது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆவி வெளியே போகிறது. கரணை சூடேற எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுவிட்டால் போதாதா? என் எம்.டெக் ஆய்வே அதுதானே. செடியின் திசுவில் தண்ணீர் எவ்வளவு இருந்தால் அது சூட்டை எப்படி வாங்கும், எப்படிக் கடத்தும். பச்சைக் கரும்பில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு தண்ணீர். ஒரு டன் அடுக்கினால் சூடேறத் தொண்ணூறு நிமிடம். அதற்குமேல் நான்கு மணி. ஐந்தரை மணி முடிந்ததும் ஹீட்டர் தானே அணையும், மணி அடிக்கும். வெப்பமானியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஆவிப்பொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அஞ்சலாட்சி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். “அப்ப இனிமே எனக்கு என்னா சார் வேல? மணியடிச்சா கன்னத்துல போட்டுக்கவா?”

கரணை வெட்டும் பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 13

வெட்டு ஆட்கள் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று, பதினெட்டாம் தேதிக்கு வர வேண்டிய விதைக்கரும்பை இன்றே வெட்டி அனுப்பிவிட்டார்கள். ஒரு டன். மதியத்துக்குள் கரணையாக வெட்டித் தகரக் கொட்டகையில் குவித்தாயிற்று. இன்று பொட்டியில் ஏற்றினால் முடிய இரவாகிவிடும், யாரும் இருக்க மாட்டார்கள். பொங்கல் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அஞ்சலாட்சி பின்னாலேயே வந்து என்னவோ கேட்டாள். பஸ் இரண்டரைக்கு.

ஜனவரி 15

வீட்டில். “கரும்பு ஆலையில வேல பாக்குறவன் கரும்பு இல்லாம பொங்கலுக்கு வந்திருக்கான் பாரு” என்று அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

ஜனவரி 18

தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் வந்தார். டைமரைக் காட்டினேன். பத்துக்குத் தொடங்கி மூன்றரைக்கு மணி அடித்தது, நொடி பிசகவில்லை. “இதையே மத்த பண்ணைக்கும் வெச்சுக் குடுங்க” என்று தோளில் தட்டினார்.

அஞ்சலாட்சி வழக்கம்போல் ஏதோ முணுமுணுத்தாள். ஆள் வந்து நிற்கும்போதா? நடுவில் மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. அரைமணி போய்வரட்டுமா என்று கேட்டாள். போங்க என்றேன். “டைமர் இருக்கும்போது ஆளே வேண்டாம் சார்” என்று பெரியவரிடமும் சொன்னேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

நல்ல நாள்.

ஜனவரி 19

கரணை முழுவதும் கீழ்ப்புலியூர் கோதண்டராமனுக்குப் போயிற்று. முப்பது சென்ட் நடவு. சின்ன இடம்தான், ஆனால் அடுத்த வருடம் அந்த ஊருக்கே விதை அதிலிருந்துதான் போக வேண்டும்.

பிப்ரவரி 3

கோதண்டராமன் போன் செய்தார். ஒன்றும் மேலே வரவில்லையாம். பனி அதிகம், பொறுங்கள் என்றேன்.

பிப்ரவரி 9

வயலுக்குப் போனேன். கரணை நட்ட பாரில் ஈரம் இருக்கிறது, மண் நன்றாக இருக்கிறது, முளை மட்டும் இல்லை. நூறு கரணையைத் தோண்டி எண்ணினேன். ஏழு முளைத்திருந்தன. மற்றதில் பருவை நகத்தால் கீறினால் உள்ளே பழுப்பு, அவித்த கிழங்கு மாதிரி வழுக்கென்று வருகிறது.

கோதண்டராமன் சண்டை போடவில்லை. ஒரு கரணையை எடுத்து மோந்து பார்த்தார். “ஏந் தம்பி, வெதைக்குன்னு வெச்சீங்களா, கொழம்புக்குன்னு வெச்சீங்களா?” என்றார். பிறகு, பாவம், எனக்கு மோர் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே கேள்வி. டைமர் சரி, வெப்பம் சரி. வேறென்ன?

பிப்ரவரி 10

மேலாளர் துரைக்கண்ணு கூப்பிட்டார். சாயங்காலத்துக்குள் அறிக்கை வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். கருவி சரியாக இயங்கியது. வெப்பநிலை ஐம்பத்துநான்கைத் தாண்டவில்லை. ஐந்தரை மணியில் டைமர் அணைத்தது. சிகிச்சை நடக்கையில் ஆபரேட்டர் 12.05 முதல் 12.40 வரை இடத்தில் இல்லை.

ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவள் பெயரையும் எழுதவில்லை. ஆபரேட்டர் என்று மட்டும். அதை ஒரு நாகரிகம் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 12

அஞ்சலாட்சிக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். கரணை வெட்டிக்கொண்டிருந்த வேம்பு இப்போது ஆவிப்பொட்டியைப் பார்த்துக்கொள்கிறாள். அஞ்சலாட்சி கரணை வெட்டும் கொட்டகையில் மற்றவர்களோடு உட்கார்ந்திருக்கிறாள்.

மெமோ கொடுத்தால் கொடுக்கட்டும், பதில் எழுதினால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். குமாஸ்தா சொல்லித்தான் மிச்சம் தெரிந்தது. தினக்கூலிகளை நிரந்தரமாக்கும் பட்டியல் இந்த மாதம் 28ஆம் தேதித் தபாலில் தலைமை அலுவலகம் போகிறது. பதினோரு வருடம் கழித்து முதல் தடவையாக அவள் பெயர் அதில் இருந்தது. விசாரணை என்பதால் எடுத்துவிட்டார்கள். 28க்குள் தீராவிட்டால் அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்டேன். குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார்.

பிப்ரவரி 13

நூறு கரணை நிறுத்து, கட்டி, கொட்டகையில் தகரத்தை ஒட்டினாற்போலத் தள்ளி வைத்தேன். பன்னிரண்டு கிலோ.

பிப்ரவரி 17

பண்ணைக்கு விடுமுறை. தண்ணீர் பாய்ச்ச வந்திருந்த வேம்பு மட்டும் இருந்தாள். அவளிடம் பொட்டியைப் போடச் சொன்னேன். “லீவு நாள்ல எதுக்கு சார்?” என்றாள். சோதனை என்றேன்.

இன்று வெட்டிய நூறு கரணையை முதலில் ஏற்றினேன். நடுவில் இருந்த ஒன்றில் வெப்பமானி. ஐம்பத்துநான்கைத் தொட நாற்பத்தொரு நிமிடம். பொட்டியை ஆறவிட்டு, கொட்டகையில் நான்கு நாள் கிடந்த நூற்றை ஏற்றினேன். அது இப்போது ஒன்பதரை கிலோ. இருபத்துநான்கு நிமிடத்தில் தொட்டுவிட்டது.

ஆய்வுக்கட்டுரையில் இதற்கு நான் பதினெட்டுப் பக்கம் செலவழித்திருக்கிறேன். இங்கே நான்கு வரி போதும். தண்ணீர் சூடாவதற்கு அடம்பிடிக்கும். நாருக்கு அந்த அடம் கிடையாது. தண்ணீர் நிறைந்த கரணை கொடுக்கிற சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு மெதுவாக ஏறும். தண்ணீர் போன கரணை சட்டென்று ஏறிவிடும். டைமருக்கு இது தெரியாது. தொண்ணூறு நிமிடம் சூடேற்றம் என்று அது எண்ணிக்கொண்டிருக்கும்போது, ஒரு டன் காய்ந்த கரணை ஐம்பது சொச்சம் நிமிடத்திலேயே ஏறி முடித்துவிட்டது. மிச்ச நிமிடங்கள் முழுக்கப் பரு தாங்கக்கூடியதற்கு மேலான சூடு.

பழைய முறையில் இந்தத் தவறு நடந்திருக்கவே முடியாது. உள்சூட்டைப் பார்த்துத்தான் எண்ணத் தொடங்குவார்கள். காய்ந்ததோ பச்சையோ, கவலை இல்லை.

ஆபரேட்டர் இருந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அணைத்தது டைமர்.

பிப்ரவரி 18

வேலை அதிகம்.

பிப்ரவரி 19

வேலை.

பிப்ரவரி 21

கொட்டகை வழியாகப் போகாமல் சுற்றிப் போகிறேன் என்பது இன்றுதான் எனக்கே உறைத்தது. பம்ப் அறைக்குப் பின்னால் முள்ளுக்குள் ஒரு வழி இருக்கிறது. பேன்ட் கிழிந்தது.

கிழிந்த பேன்ட்டோடு வெளியே வந்தால் எதிரே அஞ்சலாட்சி, குடத்தோடு.

“என்னா சார், புதுசா ரோடு போட்டிருக்கீங்களா?”

சிரிக்க முயன்றேன்.

“ஒண்ணு கேக்கணும் சார். நான் போயிருந்த அந்த அரமணி நேரத்துல பொட்டி என்னா பண்ணுச்சு? நான் இருந்திருந்தா என்னா பண்ணியிருக்கணும்? மெமோல பதில் எழுதுன்றாங்க. என்னா எழுதுறதுன்னு தெரியல. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.”

“விசாரணையில இருக்கும்மா. நான் இப்ப எதுவும் சொல்லக் கூடாது.”

“சரி சார்” என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 24

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

ஜனவரி 13, அவள் பின்னாலேயே வந்து கேட்டது இது: “சார், நாலு நாள் கெடக்கப் போவுது, ஈரச் சாக்கு போட்டு மூடவா? தெனம் ஒரு தடவ நான் வந்து தண்ணி தெளிச்சுட்டுப் போறேன்.” நான் சொன்னது: “ஒண்ணும் ஆவாது, பூட்டுங்க. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.” சாவியை அவள் கையிலிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனேன். அவள் நினைத்திருந்தாலும் தண்ணீர் தெளித்திருக்க முடியாது.

ஜனவரி 18, பெரியவர் முன்னால் முணுமுணுத்தது இது: “காஞ்சு போய் லேசா இருக்குது சார், கம்பிய வெச்சுப் பாத்துட்டு மணிய எண்ணலாமா?” நான் பல்லைக் கடித்துக்கொண்டு, “வாய மூடிட்டு ஏத்துங்க” என்றேன். பெரியவருக்குக் கேட்டிருக்குமோ என்பதுதான் அப்போது என் கவலை.

காய்ந்தது சீக்கிரம் சூடாகும் என்பதை அவள் எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. அது எனக்குத்தான் தெரியும். அதற்காகத்தான் எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். கரணையைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் போதும். எடுக்கவில்லை.

மகளைப் பார்க்கப் போக அனுமதி கொடுத்ததும் நான். அறிக்கையில் அது இல்லை.

பிப்ரவரி 26

காலையில் துரைக்கண்ணு சாரிடம் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“யார்யா உன்ன இப்ப இதக் கேட்டா? அந்தம்மா ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்தா முடிஞ்சு போவுது. ஒன் டைமர மூணு பண்ணைக்கு ஆர்டர் போட்டுட்டாங்க. இப்ப போய் அது சரியில்லன்னு சொல்லச் சொல்றியா?”

“பட்டியல்ல அவங்க பேரு சார்…”

“பேரு அடுத்த தடவ வரும். எழுத்துல குடுத்தா நான் வாங்கித்தான் ஆவணும். குடுக்கறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு வார்த்த கேட்டுக்க.”

வெளியே வந்தவன் அப்படியே கொட்டகைக்குப் போனேன். முன் வழியாக. பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு கத்தி, வெட்டும் சத்தம். எல்லோரும் கேட்கும்படிச் சொன்னேன். கோதண்டராமன் வயலில் முளைக்காமல் போனதற்கு அஞ்சலாட்சி காரணம் இல்லை, என் கணக்குத் தப்பு, காய்ந்த கரணைக்குப் பச்சைக் கரணையின் நேரத்தை வைத்துவிட்டேன், நேற்றுத்தான் சோதித்துக் கண்டுபிடித்தேன் என்றேன்.

வெட்டும் சத்தம் நின்றது. பிறகு ஒரு குரல்: “சரி சார், தள்ளி நில்லுங்க, கரும்புச் சோகை காலுல குத்தும்.” மறுபடி சத்தம் தொடங்கியது.

கனம் இறங்கின மாதிரி இருந்தது. கடிதத்தை நாளைக்கு நிதானமாக எழுதலாம்.

பிப்ரவரி 27

நிதானமாக எழுத முடியவில்லை. ஒரு வரியில் நின்றுவிடுகிறது. ‘இது எனக்குத் தெரியவந்த தேதி’ என்று எழுதிவிட்டு அதற்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் அஞ்சலாட்சி வந்தாள். கூட வேம்பு. வேம்பு என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நேத்து எல்லாருக்கும் முன்னாடி சொன்னீங்க சார். சந்தோஷம். ஆனா ஒண்ணு. நேத்திக்கு மொத நாளு தெரிஞ்சுதுன்னீங்க. லீவன்னிக்கு ரெண்டு தடவ பொட்டிய ஏத்தி எறக்குனீங்களாமே, வேம்பு சொல்றா. காஞ்சது ஒண்ணு, பச்ச ஒண்ணுன்னு. அது பதினேழாந் தேதி.”

சாப்பாட்டு டப்பாவை மூடினேன்.

“காஞ்சுதான் போச்சுன்றது எங்களுக்கு அன்னிக்கே தெரியும் சார். நான் ஒங்ககிட்ட சாக்கு கேட்டதும் தெரியும், வாய மூடுன்னு சொன்னதும் தெரியும். பன்னெண்டு பேருக்கும் தெரியும். நாங்க சொன்னா யாரு எழுதிக்குவா? நீங்க சொல்லுவீங்களா மாட்டீங்களான்னுதான் இருந்தோம்.” கொஞ்சம் நிறுத்தினாள். “இருவத்தொண்ணாந் தேதி நான் கொடத்த வெச்சுக்கினு ஒங்களக் கேட்டப்ப, ஒங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“அதான் கேட்டேன்.”

திரும்பப் போனவளைக் கூப்பிட்டேன். பதினேழு இல்லை, பதின்மூன்று என்றேன். பதின்மூன்றாம் தேதியே சந்தேகப்பட்டுத்தான் ஒரு கட்டைக் காயப்போட்டேன். சரியாகச் சொன்னால் ஒன்பதாம் தேதி, வயலில் அந்தப் பருவைக் கீறியபோதே. அதற்கு மறுநாள்தான் அந்த அறிக்கையை எழுதினேன்.

வேம்பு “அடப்பாவி” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அஞ்சலாட்சி வேம்பின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 28

காலையில் கடிதம் முடிந்தது. ஒன்பதாம் தேதி என்றே போட்டேன். சாக்கு, சாவி, முணுமுணுப்பு என்று நான் இங்கே எழுதிவிட்ட எச்சரிக்கை, அனுமதி கொடுத்தது எல்லாம் போட்டேன். டைமரைக் கழற்றச் சொல்லியும் போட்டேன்.

துரைக்கண்ணு சார் படித்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினார். பட்டியலை அவர் மாற்றமாட்டாராம். கடிதத்தை அதே தபால் பையில் வைத்து அனுப்புவாராம். அங்கே உள்ளவர்கள் பார்த்துப் பெயரைச் சேர்த்தால் சேர்ப்பார்கள். “ஒனக்கும் ஒரு மெமோ வரும்” என்றார். வரட்டும். பை நான்கு மணிக்குக் கட்டுகிறார்கள்.

அனுப்புவதற்கு முன்னால், யாருக்காக எழுதினேனோ அவரிடமே காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. மூன்றே கால். கொட்டகையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துக்கூட்டி, உதடு அசைய, முதலிலிருந்து படித்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். இரண்டாம் பக்கம் முடிந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

“இது யாரு சார்?”

“யாரு?”

“அஞ்சலாட்சின்னு போட்டிருக்கீங்க. அது யாரு?”

கொட்டகையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“எம் பேரு அஞ்சலை. ரேஷன் கார்டுல, ஆபீஸ் ரெக்கார்டுல, எல்லாத்துலயும் அஞ்சலைதான். இவளுங்க அஞ்சல, அஞ்சலன்னுதானே கூப்புடுறாளுங்க. நீங்க எங்கேருந்து சார் ஆட்சியப் புடிச்சீங்க?”

எங்கிருந்து பிடித்தேன்? அஞ்சல என்று காதில் விழுந்ததை நானே நீட்டித் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஆறு மாதத்துக்கு மேலாகியும் அவரிடம் கேட்டதில்லை. இந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு பக்கம் விடாமல் அதே தப்பு. இந்தப் பெயரோடு கடிதம் போயிருந்தால், அப்படி ஒரு ஆளே பண்ணையில் இல்லை என்று அங்கே தூக்கிப் போட்டிருப்பார்கள்.

அடித்துத் திருத்துகிறேன் என்றேன்.

“அடிச்சுத் திருத்துனா நான்தான் திருத்துனேன்னு சொல்லுவாங்க. புதுசா எழுதுங்க.”

மூன்றரை. கொட்டகைத் தரையில், கரும்புச் சோகையின் மேல் உட்கார்ந்தேன். வேம்பு கரணைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து எதிரே வைத்தாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

“சொல்லுங்க” என்றேன்.

“அஞ்சலை. லை. ‘லா’ இல்ல, ‘லை’ போடுங்க. கணவர் பேரு வேணாம், அப்பா பேரு போடுங்க. குப்பன். தினக்கூலி நம்பர் நாப்பத்தி ஒண்ணு. போட்டீங்களா? படிங்க.”

படித்தேன்.

“இன்னொரு தடவ படிங்க. சத்தமா.”